வண்ணப் பூ டாட்டூவில் நிழலும் ஆழமும்: முழுமையான வழிகாட்டி

வண்ணப் பூ டாட்டூ தட்டையாகத் தெரிந்தால், நிறம் போதவில்லை என்று நினைத்து இன்னும் இரண்டு நிறங்களைச் சேர்ப்பவர்கள் அதிகம். பெரும்பாலும் அங்கே போதாமல் இருப்பது இருட்டு. சிவப்பும் இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் ஒரே அளவு வெளிச்சத்தோடு அருகருகே இருந்தால், எந்த இதழ் மேலே, எந்த இதழ் கீழே என்று பிரித்தறியக் கண்ணுக்கு எந்தப் பிடியும் கிடைக்காது. அதே பூவை ஒரே சிவப்பின் மூன்று அடர்த்திகளில் செய்யுங்கள், இதழ்கள் எழுந்து நிற்கும். அந்த இருட்டும் நினைத்த இடத்தில் போடுவதல்ல. ஓர் இதழ் இன்னொன்றை மறைக்கிறது, ஒரு விளிம்பு மடிகிறது, ஒரு குழி உள்வாங்குகிறது. இப்படிப் பூவின் அமைப்பில் ஒரு காரணம் உள்ள இடத்தில்தான் நிழல் விழ வேண்டும்.

இயந்திரத்தைப் பிடித்துக் கோடு போடப் பழகியவர்களுக்கும், ஆசிரியரின் மேற்பார்வையில் பயிற்சியில் இருப்பவர்களுக்கும் எழுதப்பட்ட வழிகாட்டி இது. மனிதத் தோலில் இன்னும் வேலை தொடங்காதவர்கள் எல்லாப் படிகளையும் முதலில் தாளில் கலர் பென்சிலிலும், பிறகு செயற்கைத் தோலிலும் செய்து பாருங்கள்.

பூ எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது

ரோஜாவின் நடுப்பகுதி ஒரு குவளை. உள் இதழ்கள் ஒன்றையொன்று சுற்றி இறுக்கமாக நிற்கும். வெளி இதழ்கள் விரிந்து, விளிம்பில் வெளிப்பக்கமாக மடங்கும். ஆகவே இருட்டு வரும் இடங்கள் மூன்று: குவளையின் உட்புறம், ஓர் இதழ் இன்னொன்றுக்கு அடியில் நுழையும் இடம், மடிந்த விளிம்புக்குக் கீழே. மடிப்பின் மேற்புறம் வெளிச்சமாகவே இருக்கும். ரோஜாவில் மடிப்பு தெரிகிறதா இல்லையா என்பதுதான் நல்ல வேலையையும் சுமாரான வேலையையும் பிரிக்கும் முதல் அடையாளம்.

செம்பருத்தியில் ஐந்து இதழ்களும் சுற்றுவரிசையில் அமைந்திருக்கும். ஒவ்வொன்றும் ஒரு பக்கம் அடுத்த இதழின் மேல் ஏறி, மறுபக்கம் முந்தைய இதழுக்கு அடியில் போகும். அதனால் ஓர் இதழின் ஒரு விளிம்பு வெளிச்சத்திலும் மறு விளிம்பு நிழலிலும் இருக்க வேண்டும். இரண்டு விளிம்புகளையும் ஒரே அளவு கறுப்பாக்கினால் இதழ்கள் ஐந்தும் தனித்தனி துண்டுகளாகப் பிரிந்துவிடும். நடுவிலிருந்து நீளும் மகரந்தத் தண்டு ஏதாவது ஓர் இதழின் மேல் தன் நிழலை வீழ்த்தும். அந்த ஒற்றை நிழலைச் சரியாக வைத்துவிட்டால் தண்டு தோலிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருப்பதாகத் தெரியும்.

தாமரையில் வேறொரு சிக்கல் உண்டு. அதன் இதழ் நுனியில் அடர் இளஞ்சிவப்பாகவும் அடியில் வெளிறியும் இருக்கும். ஆனால் நிழல் விழுவது அடியில், இதழ்கள் ஒன்றுசேரும் இடத்தில். இதழின் சொந்த நிறம் ஒரு திசையில் அடர்கிறது, நிழல் எதிர்த்திசையில் அடர்கிறது. இரண்டையும் ஒரே மையில் செய்தால் இதழின் இரு முனைகளும் ஒன்றுபோல ஆகிவிடும். நுனிக்குத் தூய, பளிச்சென்ற இளஞ்சிவப்பு. அடி நிழலுக்குச் சாம்பல் கலந்த ஊதா. நிறத்தாலும் நிழலாலும் வரும் அடர்த்திகளை இப்படிப் பிரித்துப் பார்க்கப் பழகியவருக்கு மற்றப் பூக்கள் எளிது.

சூரியகாந்தி போன்ற பூக்களில் நடுத்தட்டை ஒரு தாழ்வான மேடாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒளி வரும் பக்கம் நிழலுக்கான புள்ளிகள் விலகி, எதிர்ப்பக்கம் நெருங்கும். இதழ்கள் தட்டுக்கு அடியிலிருந்து கிளம்புவதால் இருட்டு அங்கேதான் தொடங்கும்.

ஒளியைத் தீர்மானித்து அடர்த்தி வரைபடம் போடுதல்

ஒளி ஒரே திசையிலிருந்து வரட்டும். கை, தோள், கால் எதுவானாலும் அந்த நபர் இயல்பாக நிற்கும்போது மேல்பக்கம் எதுவோ அங்கிருந்து ஒளி வருவதாக வைத்தால் உடலில் விழும் உண்மையான வெளிச்சத்தோடு படம் பொருந்தும். ஸ்டென்சில் தாளின் (வடிவத்தைத் தோலில் பதிக்கும் தாள்) ஓரத்தில், தோலில் படாத இடத்தில், ஓர் அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரம் குனிந்து வேலை செய்தபின் திசை மறந்துபோவது சகஜம்.

மாதிரிப் படத்தைக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். மஞ்சளும் சிவப்பும் பச்சையும் மறைந்து அடர்த்தி மட்டும் மிஞ்சும். கண்ணைச் சுருக்கிப் பார்த்து அதை நான்கு படிகளாகப் பிரியுங்கள்: 0 வெறும் தோல் அல்லது மிக வெளிர், 1 வெளிர், 2 நடு, 3 இருட்டு. வடிவத்தின் நகலொன்றில் பென்சிலால் இந்த எண்களைக் குறியுங்கள். மொத்தப் பரப்பில் சுமார் கால் பங்கு 3-ஆகவும், பாதி 1, 2-ஆகவும், மீதிக் கால் பங்கு 0-ஆகவும் இருந்தால் பெரும்பாலான பூக்கள் சரியாக நிற்கும். தொடங்குபவர்களின் வரைபடத்தில் 3 எப்போதும் குறைவாகவே இருக்கும்.

பூவின் அளவும் இதில் சேரும். 3 செ.மீ. நீளத்துக்கு மேல் உள்ள இதழில் மூன்று படிகள் தாங்கும். ஒன்றரை செ.மீ. இதழில் இரண்டுதான் தாங்கும். அதற்கும் சிறியதென்றால் அடியில் ஓர் இருட்டு, மேலே ஒரு நிறம், அவ்வளவே. தோலில் மை ஆண்டுகள் போகப் போகச் சற்றுப் பரவும். நெருக்கமாக அடைத்த நுணுக்கங்கள் அப்போது ஒன்றோடொன்று கலந்து மங்கலாகிவிடும். 5 செ.மீ. பூவில் பதினைந்து இதழ்களையும் நான்கு அடர்த்திகளையும் கேட்பவரிடம் பூவைப் பெரிதாக்கச் சொல்லுங்கள், அல்லது இதழ்களைக் குறையுங்கள்.

ஊசியும் இயந்திரமும்

இதழ் நிழலுக்கு வளைந்த மேக்னம் ஊசியே (பல ஊசிகளைப் பட்டையாக அடுக்கிய தொகுப்பு) முதல் தேர்வு. அதன் ஓர ஊசிகள் சற்று உள்வாங்கி இருப்பதால் பட்டையின் விளிம்பு மென்மையாக விழும், தோலும் குறைவாகவே காயப்படும். 8 முதல் 12 செ.மீ. பூவுக்கு 7 அல்லது 9 ஊசி மேக்னம் போதும். பெரிய வெளி இதழ்களுக்கும் பின்புலத்துக்கும் 13, 15 எடுக்கலாம். மகரந்தம், இதழ் மூலை, மடிப்பின் அடி ஆகிய இடங்களுக்கு 3 அல்லது 5 ஊசி ரவுண்ட் (வட்டமாகக் கட்டிய ஊசித் தொகுப்பு). ஊசியின் விட்டத்தையும் பாருங்கள். 0.35 மி.மீ. ஊசி நிறத்தை வேகமாக அடைக்கும், 0.30 மி.மீ. ஊசி நுண்ணிய புள்ளிகளாகப் போட்டு மென்மையாகக் கலக்கும். ரோஜா இதழ் போன்ற வழவழப்புக்கு 0.30 நல்லது.

ஸ்ட்ரோக் (ஊசி மேலும் கீழும் நகரும் தூரம்) 3.5 மி.மீ. உள்ள ரோட்டரி (மோட்டாரால் இயங்கும்) இயந்திரம் இந்த வேலை முழுவதற்கும் போதுமானது. மின்னழுத்தம் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். பலவற்றில் நிழலுக்கு 6 முதல் 8 வோல்ட் வரை வரும். எண்ணைவிடக் கைக்கும் ஊசிக்கும் உள்ள பொருத்தமே முக்கியம். கை வேகமாகப் போய் ஊசி மெதுவாக அடித்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். கை மெதுவாகவும் ஊசி வேகமாகவும் இருந்தால் தோல் அரைபடும்.

ஆழம் ஒன்று முதல் இரண்டு மி.மீ. வரைக்குள். மை மேல்தோலைக் கடந்து உட்தோலில் நிற்க வேண்டும். மேலோட்டமாகப் போனால் தோல் உரியும்போது மையும் உதிர்ந்துவிடும். ஆழமாகப் போனால் மை கீழ்க் கொழுப்பு அடுக்கில் பரவி, கோட்டைச் சுற்றி நீலம் கசிந்ததாகத் தெரியும், தழும்பும் விழலாம். உள் கை, கழுத்து, கணுக்கால் பகுதிகளில் தோல் மெல்லியது. அங்கே அழுத்தத்தைக் குறையுங்கள்.

நிழலுக்கு எந்த நிறம்

எல்லா நிழலுக்கும் கறுப்பு எடுப்பது வழக்கம். பழைய பாணி தடித்த கோட்டுப் பூக்களில் அது அழகாகவே இருக்கும், நீண்ட நாள் தாங்கவும் செய்யும். இயல்பான வண்ணப் பூவில் கறுப்பு நிறத்தைச் சாகடிக்கும். தோலுக்கு அடியில் கறுப்பு ஆறிய பிறகு சற்று நீலம் தட்டித் தெரியும். சிவப்புப் பக்கத்தில் அது அழுக்காகவும், மஞ்சள் பக்கத்தில் பச்சையாகவும் மாறும். எனவே நிழலை அந்தந்த நிறத்தின் ஆழ்ந்த உறவு நிறத்திலிருந்து எடுங்கள்.

சிவப்புக்கு: மெரூன், அதற்கும் ஆழத்தில் அடர் ஊதா. குவளையின் அடிக்குழியில் மட்டும் கறுப்பு. வெளிச்சப் பக்கம் ஆரஞ்சு சார்ந்த சிவப்பு.

இளஞ்சிவப்புக்கு: மெஜந்தா, பிறகு ஊதா. சிவப்பைக் கொண்டு நிழலிட்டால் இளஞ்சிவப்பு வெந்துபோனதாகத் தெரியும்.

மஞ்சளுக்கு: பொன்மஞ்சள், ஆரஞ்சு, பிறகு செம்பழுப்பு. மஞ்சளின் எதிர்நிறம் ஊதா என்பதால் ஆழ்ந்த மூலையில் பழுப்பும் ஊதாவும் கலந்த கலவையை மிகச் சிறிதாக வைக்கலாம். கறுப்பு இங்கே வேண்டவே வேண்டாம். மஞ்சளோடு கறுப்பு கலந்தால் பாசி நிறம்தான் கிடைக்கும், சரிசெய்யவும் முடியாது.

ஊதாவுக்கு அடர் நீலம், நீலத்துக்கு அடர் ஊதா கலந்த கருநீலம். வெள்ளைப் பூவுக்கு வெள்ளை மை முதன்மையல்ல. வெறும் தோலையே வெள்ளையாக விட்டு, நிழலை மிக நீர்த்த சாம்பல், வெளிர் நீலம், லேசான ஊதா ஆகியவற்றால் போட்டு, பின்புலத்தை இருட்டாக்க வேண்டும்.

பாட்டிலில் உள்ள இரண்டு நிறங்களுக்கு இடையே ஒரு பாலம் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். இது கலப்பை எளிதாக்கும் மிகப் பயனுள்ள பழக்கம். 10 செ.மீ. சிவப்பு ரோஜாவுக்கு நான்கு மைக்கிண்ணங்கள் இப்படி: முதலாவதில் சிவப்பு 6 துளியும் அடர் ஊதா 3 துளியும், இருட்டுக்கு, இரண்டாவதில் முதல் கலவை பாதி, தூய சிவப்பு பாதி, பாலமாக, மூன்றாவதில் தூய சிவப்பு, நான்காவதில் சிவப்பும் ஆரஞ்சும் சம அளவு. கலந்ததை வெள்ளைத் தாளில் தேய்த்துப் பார்த்து, அதைக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுங்கள். நான்கும் நான்கு வெவ்வேறு சாம்பலாகத் தெரிந்தால்தான் கலவை சரி. மூன்றும் நான்கும் ஒரே சாம்பலாக வந்தால் நான்காவதில் ஆரஞ்சைக் கூட்டுங்கள். பாட்டில்களை நன்றாகக் குலுக்கிய பிறகே ஊற்ற வேண்டும். நிறமி அடியில் தங்கியிருந்தால் முதல் கிண்ணம் நீர்த்தும் கடைசிக் கிண்ணம் கெட்டியாகவும் வரும்.

தோலின் நிறம் இந்தக் கணக்கை மாற்றும். மை உட்தோலில் இருக்கிறது, மெலனின் அதற்கு மேலே மேல்தோலில் இருக்கிறது. ஆகவே எந்த மையையும் தோலின் நிறத்தினூடாகத்தான் பார்க்கிறோம். மாநிறத்திலும் கருநிறத்திலும் வெளிர் மஞ்சள், வெளிர் இளஞ்சிவப்பு, வெள்ளை ஆகியவை ஆறியபின் அடங்கிப் போகும். அடர்ந்த சிவப்பு, மெஜந்தா, ஆரஞ்சு, ஆழ்ந்த நீலம், பச்சை நன்றாக நிற்கும். அங்கே வெளிச்சத்துக்குத் தோலைத் திறந்துவிட்டு, இருட்டை இன்னும் ஒரு படி ஆழமாக்கி, படிகளைக் குறைத்து அகலமாக வையுங்கள். சந்தேகம் இருந்தால் மறைவான இடத்தில் நான்கைந்து நிறங்களைச் சிறு புள்ளிகளாக இட்டு, ஆறு வாரம் கழித்துப் பார்த்து முடிவெடுக்கலாம். அவசரப்படுபவர்களிடமும் இதைச் சொல்லிப் புரியவைப்பது நம் கடமை.

தோலில் வேலை: படிப்படியாக

1. ஸ்டென்சிலை ஒட்டி 15 நிமிடமாவது உலர விடுங்கள். நிழல் எல்லைகளை ஸ்டென்சிலில் முழுக் கோடாக வைக்க வேண்டாம், புள்ளிக்கோடு போதும். முழுக் கோடாக இருந்தால் அதை அறியாமலே கோடாகக் குத்திவிடுவோம், மென்மையான நிழலுக்கு நடுவே அது நிரந்தரமாக நிற்கும். வெளிர் நிறம் வரும் இடங்களில் ஸ்டென்சிலின் ஊதா மை மிகக் குறைவாக இருக்கட்டும். மஞ்சளுக்குள் அது போனால் நிறம் மங்கும்.

2. வெளிக்கோடுகளை முதலில் முடியுங்கள். எல்லாக் கோடும் ஒரே தடிமனில் இருக்கக்கூடாது. பூவின் வெளி எல்லைக்கும், இதழ் மேல் இதழ் ஏறும் இடத்துக்கும் 7 ஊசி லைனர் (கோடு போடும் ஊசி). உள் இதழ் விளிம்புகளுக்கு 3 அல்லது 5. ஒளி படும் விளிம்புகளில் கோடு மெலிந்து மறையலாம். நிழல் வேலை தொடங்கும் முன்பே இதில் பாதி ஆழம் வந்துவிடும். கோட்டிலிருந்து கசியும் கறுப்பை முழுவதும் துடைத்து, சில நிமிடம் விட்டு, மறுபடி கழுவிய பின்னரே நிறத்தைத் தொடுங்கள்.

3. மிக ஆழ்ந்த இருட்டு முதலில். ரோஜாவென்றால் குவளையின் அடி, அங்கிருந்து வெளியே. மேக்னத்தின் எல்லா ஊசிகளும் தோலைத் தொடும்படி சாய்த்துப் பிடியுங்கள். ஒரு மூலை மட்டும் பட்டால் அது கோடாக வெட்டும். இதழின் அடியில் அழுத்தி ஆரம்பித்து, நுனி நோக்கி வீசிக்கொண்டே ஊசியை மெல்லத் தூக்குங்கள். இதுதான் விப் ஷேடிங். தொடக்கத்தில் புள்ளிகள் நெருக்கமாகவும் முடிவில் சிதறியும் விழும். வீச்சு எப்போதும் இதழ் நரம்பின் திசையில், அடியிலிருந்து விசிறியாக விரிந்து, இதழின் வளைவோடு போக வேண்டும். குறுக்காகப் போட்ட நிழல் எவ்வளவு மென்மையாக இருந்தாலும் இதழைச் சப்பையாக்கிவிடும்.

4. இருட்டு இதழ் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கோடு நிற்கட்டும். எல்லா இதழ்களிலும் ஒரே உயரத்தில் நிறுத்த வேண்டாம். ஒளிக்கு எதிர்ப்பக்க இதழ்களில் பாதி வரை ஏறலாம், ஒளிப் பக்க இதழ்களில் கால் பங்குக்கும் குறைவாகப் போகலாம். இந்த ஏற்ற இறக்கம் இல்லாவிட்டால் பூவுக்குள் ஒரு வட்டப் பட்டை தெரியும்.

5. இரண்டாவது கிண்ணத்தின் பால நிறத்தை இருட்டின் சிதறிய ஓரத்தின் மேலேயே ஏற்றி, இன்னும் சற்று வெளியே கொண்டுபோங்கள். இப்போது சின்னச் சின்ன வட்டங்கள், அல்லது முன்பின் அசைவு. ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடம் குறைந்தது 3 முதல் 5 மி.மீ. இருக்க வேண்டும். எல்லைகள் தொட்டு மட்டும் நின்றால் ஆறியபின் நடுவே ஒரு வெளிறிய பிளவு தெரியும்.

6. பிறகு தூய நிறம், கடைசியில் வெளிர் நிறம். அடர்விலிருந்து வெளிருக்குப் போகும் இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. வெளிர் நிறத்தை முதலில் அடைத்துவிட்டால், பின்னால் வரும் மெரூனைத் துடைக்கும் ஒவ்வொரு முறையும் திறந்திருக்கும் அந்தத் துளைகளில் அழுக்கு ஏறும். வெளிர் நிறத்தோடு இருட்டை நெருங்கும்போது ஊசி வெளிர் பக்கத்திலிருந்து இருட்டுப் பக்கம் நோக்கிப் போகட்டும். எதிர்த்திசையில் வந்தால் கருமையை இழுத்துக்கொண்டு வரும்.

7. மடிந்த விளிம்பின் மேற்புறத்தைக் கடைசிவரை தொடாமல் விட்டுவையுங்கள். அதன் கீழே 2 மி.மீ. அளவுக்கு இருட்டு, மேலே நான்காவது கிண்ண நிறம் அல்லது வெறும் தோல். இந்த எல்லை கூர்மையாக இருக்க வேண்டும். பூவில் எல்லா எல்லைகளையும் கலக்கிவிடக்கூடாது. ஒன்றின் மேல் ஒன்று படியும் இடத்தில் கூர்மை, ஒரே இதழ் வளையும் இடத்தில் மென்மை.

8. இதழின் நிழல் பக்கத்துக் கடைசி விளிம்பில் ஒரு மெல்லிய கீற்று வெளிர்ந்த நிறம் விடுங்கள். பக்கத்து இதழிலிருந்து தெறித்து வரும் ஒளி அது. முழு வெளிச்சமாக வேண்டாம், நடு அடர்த்தி போதும். இதழ் வளைந்து பின்னால் போகிறது என்பதைக் கண்ணுக்குச் சொல்வது இந்தக் கீற்றுதான். பலர் இதை விட்டுவிட்டு நிழலை விளிம்புவரை ஓட்டிவிடுகிறார்கள்.

நிறம் மாற்றும்போது ஊசியை வாலைவடிநீரில் ஓடவிட்டு, ஈரத் தாளில் தொட்டு, சுத்தமாக வருகிறதா என்று பாருங்கள். மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் தனிக் கார்ட்ரிட்ஜ் (கழற்றி மாற்றும் ஊசிக் கூடு) எடுப்பது உத்தமம்; கழுவிய கார்ட்ரிட்ஜின் உள்ளே தங்கிய ஒரு துளி சிவப்பு போதும் வேலையைக் கெடுக்க.

துடைப்பதைத் தனியாகப் பழக வேண்டும். தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். துடைக்கும் திசை வெளிரிலிருந்து அடர்வை நோக்கி. தாளின் புது மடிப்பை ஒவ்வொரு முறையும் பயன்படுத்துங்கள். இன்னும் நிறம் ஏறாத வெளிர் பகுதிகள்மேல் மெல்லிய படலமாக வாஸலின் தடவி வைத்தால் கசியும் மை அங்கே ஒட்டாது. தேய்த்துத் தேய்த்துச் சிவந்த தோலில் அதன்பின் எந்த நிறமும் ஒழுங்காக நிற்காது.

ஒரே இடத்தில் இரண்டு, அதிகபட்சம் மூன்று சுற்றுக்கு மேல் போக வேண்டாம். தோல் பளபளத்து, நீர் கசிந்து, மை ஏறாமல் நழுவினால் அந்த இடம் இன்றைக்கு முடிந்தது. விட்டுவிட்டு வேறு இதழுக்குப் போங்கள். நீண்ட நேரம் வேலை செய்த தோல் சிவந்து வீங்கியிருப்பதால் நிறங்கள் இருப்பதைவிடச் சூடாக, அதாவது சிவப்பு சார்ந்து, தெரியும், மஞ்சள் ஆரஞ்சாகத் தெரியும். அந்த நேரத்தில் நிறத்தைத் திருத்தப் போகக்கூடாது.

இலை, தண்டு, பின்புலம்

இலைகள் பூவைத் தாங்கத்தான் இருக்கின்றன, அதோடு போட்டிபோடக் கூடாது. பூ பளிச்சென்றால் இலையின் பச்சையைச் சற்று அடக்குங்கள்: பச்சை 6 துளிக்குச் சிவப்பு 1 துளி சேர்த்தால் போதும், எதிர்நிறம் அதை அமைதியாக்கும். நடு நரம்பின் ஒரு பக்கம் முழுவதும் இருட்டு, மறுபக்கம் வெளிர். இலை பூவுக்கு அடியில் நுழையும் இடத்தில் அடர் நீலப்பச்சை அல்லது கறுப்பு. கறுப்பை அஞ்சாமல் பயன்படுத்தக்கூடிய இடம் இதுதான். பூவுக்கு அருகிலுள்ள இலை விளிம்பில் பூவின் நிறத்தையே மெல்லியதாக ஒரு கீற்று வைத்தால் இரண்டும் ஒரே வெளிச்சத்தில் இருப்பதாகத் தோன்றும்.

பின்னால் உள்ள இலைகளுக்கும் மொட்டுகளுக்கும் நிறமும் குறைவு, கூர்மையும் குறைவு, அடர்த்தி வேறுபாடும் குறைவு. சூடான, தெளிவான, கூர்ந்த விளிம்புகள் முன்னே வரும். குளிர்ந்த (நீலம் சார்ந்த), மங்கிய, கரைந்த விளிம்புகள் பின்னே போகும்.

பின்புலத்துக்குச் சாம்பல் கழுவல் (நீர்த்த கறுப்பு மை) போடுவதானால் ஒரே அளவுக் கிண்ணங்கள் மூன்றில் கறுப்பு 2 துளி, 5 துளி, 10 துளி என்று விட்டு, கிருமி நீக்கிய வாலைவடிநீரால் நிரப்புங்கள். வெளிச்ச இதழுக்குப் பின்னால் 10 துளி, நிழல் இதழுக்குப் பின்னால் 2 துளி, இடையில் 5. இருண்ட இதழுக்குப் பின்னாலும் இருட்டையே வைத்தால் விளிம்பு தொலைந்துபோகும். பூவைச் சுற்றி முழு வளையமாகச் சாம்பல் போடாதீர்கள். இரண்டு மூன்று இடங்களில் தொடங்கி, வெளியே போகப் போகத் தோலில் கரையட்டும்.

வெள்ளை மை எல்லாம் முடிந்தபின். மடிப்பின் உச்சி, மகரந்தப் புள்ளி, பனித்துளியின் ஒளிப்புள்ளி, இவ்வளவே. அது ஆறியபின் தோலின் நிறமேறிப் பழுக்கும், கருநிறத் தோலில் ஏறக்குறைய மறைந்தே போகும். வெளிச்சத்தை வெள்ளையில் எழுப்பலாம் என்று திட்டமிடுபவர் ஆறு மாதத்தில் அந்த வெளிச்சத்தை இழப்பார்.

பழைய பூவுக்கு ஆழம் கூட்டுதல்

ஏற்கெனவே உள்ள வண்ணப் பூவில் நிழல் சேர்க்கும் வேலைதான் அதிகம் வரும். டாட்டூ குத்தி குறைந்தது மூன்று மாதம் ஆகியிருக்க வேண்டும். விரலால் தடவி மேடான தழும்பு உள்ள இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள், அங்கே மை ஒழுங்காக ஏறாது. மச்சத்தின் மேல் எப்போதும் குத்தக்கூடாது.

முதலில் டாட்டூவைப் படமெடுத்து கறுப்பு வெள்ளையாக்கி, தாளில் அச்சிட்டு, அதன்மேல் பென்சிலால் நிழலைச் சேர்த்துப் பாருங்கள். டாட்டூ மை ஒளி ஊடுருவும் தன்மை கொண்டது. மேலே போடும் நிறம் கீழே உள்ளதோடு கலந்துதான் தெரியும். பழைய சிவப்பின் மேல் மஞ்சள் போட்டால் மஞ்சள் வராது, மெரூன் போட்டால் வரும். ஆகவே இங்கே ஒரே திசைதான்: இருட்டாக்கலாம், வெளிச்சமாக்க முடியாது. இதழ்கள் அடியில் நுழையும் இடங்களை ஆழப்படுத்தி, பின்புலத்தை இருட்டாக்கினாலே மங்கிய பூவின் பழைய நிறம் பிரகாசமாகத் தெரியத் தொடங்கும். இதழ் நிறத்தைப் புதுப்பிப்பது வேண்டுமா என்று அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள், பல நேரம் தேவைப்படாது. கசிந்த பழைய கோடுகள் இருந்தால், நிழலை அந்தப் பக்கமாகவே அமைத்து அவற்றை அதற்குள் அடக்கிவிடலாம்.

ஆறிய பிறகு தெரியும் குறைகள்

இதழ் முழுவதும் சேறாகத் தெரிந்தால் எதிர்நிறங்கள் ஈரமாக இருக்கும்போதே ஒன்றோடொன்று அதிகம் கலந்திருக்கின்றன. அடுத்த வேலையில் சிவப்பும் பச்சையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றை முடித்து, கழுவி, இடைவேளை விட்டு மற்றதைத் தொடுங்கள். நிறம் திட்டுத்திட்டாக உதிர்ந்திருந்தால் தோலை இழுத்துப் பிடித்தது போதவில்லை, அல்லது ஊசி மேலோட்டமாகப் போயிருக்கிறது. தோலை ஒரு பக்கம் மட்டும் இழுக்காமல் இரண்டு விரல் ஒரு புறமும் ஊசிக் கையின் ஓரம் மறுபுறமுமாக மூன்று திசையில் இழுங்கள். நிழல் மறைந்துபோய் பூ மறுபடி தட்டையாகிவிட்டால் காரணம் பெரும்பாலும் ஒன்றே: இருட்டுக்கும் நடுநிறத்துக்கும் இடையே போதிய தூரம் இல்லை. புதிதாக இருக்கும்போது சரியாகத் தெரிந்த வேறுபாடு ஆறியபின் குறையும். குத்தும்போது ஒரு படி அதிகம் என்று தோன்றும் இருட்டே ஆறியபின் சரியாக அமையும்.

சுத்தமும் ஆறும் காலமும்

ஊசி, மைக்கிண்ணம், கையுறை எல்லாம் ஒருவருக்கு ஒரு முறை மட்டுமே. மையை நீர்க்கக் குழாய்த் தண்ணீர் கூடாது. மீந்த மையைப் பாட்டிலில் திரும்ப ஊற்றக்கூடாது.

வண்ணம் அடர்த்தியாக ஏறிய பூ, கோட்டு டாட்டூவைவிட மெதுவாக ஆறும். முதல் இரண்டு மூன்று நாள் நீரும் மையும் கசியும். மென்மையான சோப்பால் நாளுக்கு இரண்டு மூன்று முறை கழுவி, ஒற்றி உலர்த்தி, களிம்பை மிக மெல்லியதாகத் தடவச் சொல்லுங்கள். தடிமனாகப் பூசினால் பொருக்கு ஊறி நிறத்தோடு பெயர்ந்து வரும். நான்காம் நாளுக்கு மேல் வண்ணத் துகள்களாகத் தோல் உரியும். பிய்க்கவோ சொறியவோ கூடாது. மேலே ஆற இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதுவரை நீச்சலும் நேர் வெயிலும் வேண்டாம். ஆறியபின் வெளியே போகும்போதெல்லாம் எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன். சிவப்பு மைக்கு ஒவ்வாமை மற்ற நிறங்களைவிட அதிகம் வரும். சிவப்புப் பகுதி மட்டும் வாரக்கணக்கில் தடித்து அரித்துக்கொண்டே இருந்தால் தோல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், அதன் மேல் திரும்பக் குத்தக்கூடாது.

ஆறு முதல் எட்டு வாரத்தில் வரச்சொல்லிப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் ஒரு படம், அதன் கறுப்பு வெள்ளை நகல், தொடக்கத்தில் போட்ட அடர்த்தி வரைபடம், மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். 3 என்று குறித்த இடங்கள் 2 ஆகியிருந்தால் அவற்றை மட்டும் ஒரு சுற்று ஆழப்படுத்துங்கள். உதிர்ந்த திட்டுகளைச் சின்ன ரவுண்ட் ஊசியால் நிரப்புங்கள். 0 என்று விட்ட இடங்களில் எதையும் சேர்க்க வேண்டாம்.